லாஸென் என்றால் விடு

அத்தியாயம் 14

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. தலையா போயிடும்?" என்று போன வாரம் எல்லார் முன்னாலும் வீறாப்பாகச் சொன்னவள்தான் பல்லி. இன்று காலை பதினொன்றரை மணிக்கு அந்த வீறாப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

பல்லி என்பது கணவன் வைத்த பெயர். பல் கட்டும் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். "பல் செய்யறவளைப் பல்லின்னு கூப்பிடாம பாம்புன்னா கூப்பிடறது?" என்று கல்யாணமான புதிதில் கேட்டான். அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தாள். பிறகு அவளுக்கே பழகிவிட்டது.

ஜெர்மனியில் ஒரு பல் கூடம் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. இரண்டு மாதத்தில் வரச்சொல்கிறார்கள். மகளின் பள்ளி ஆண்டு முடிய ஐந்து மாதம் பாக்கி. "நீ முதல்ல போ, நாங்க பின்னாடியே வர்றோம்" என்று கணவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். எட்டு வயதுப் பெண்ணை விட்டுவிட்டுத் தனியாக விமானம் ஏற மாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஐந்து மாதம் கழித்து மூன்று பேராக வரலாமா என்று கேட்பது. சரியென்றால் போவது, இல்லையென்றால் அத்தோடு தலை முழுகுவது. போன வாரம் வீட்டில் முடிவானது அதுதான்.

கேட்கும் நாள் இன்று.

கூடத்தில் சூளை வைத்த அறையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. சாப்பாட்டு டப்பாக்களும் பிளாஸ்டர் பைகளும் ஒரே அலமாரியில் குடியிருக்கும். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்தாள்.

திரையில் ஜெர்மன் கூடத்தின் முதலாளியம்மாள் வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, முழங்கைவரை வெள்ளைத் தூசி. ஜெர்மன் தவிர வேறு மொழி தெரியாது. பத்து நிமிஷத்தில் வெளியே கிளம்ப வேண்டும் என்றார். அதுவரை பல்லிக்குப் புரிந்தது.

ஒரு வாரமாகப் பல் தேய்க்கும்போதும், பஸ்ஸில் தொங்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியத்தை அவிழ்த்தாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுக்கியது.

அம்மாள் பக்கத்தில் திரும்பி, திரைக்கு வெளியே இருந்த யாரிடமோ ஏதோ கேட்டார். ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. இருவரும் கடகடவென்று பேசிக்கொண்டார்கள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பிறகு அம்மாள் இந்தப் பக்கம் திரும்பினார். கையை லேசாக வீசினார். சிரித்தார். சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னார்.

அதோடு படம் உறைந்தது. வீசிய கை வீசியபடி நின்றது. அப்புறம் அதுவும் போயிற்று. திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. கிளம்பியிருப்பார்.

காதில் விழுந்தது மறந்துபோகும் முன், கையில் கிடைத்த வேலைச் சீட்டின் பின்புறம் தமிழிலேயே எழுதிக்கொண்டாள்: தாஸ் லெஸ்ட் ஸிஷ் மாஹென்.

இதில் இரண்டு சொற்கள் அவளுக்குத் தெரிந்தவை. மாஹென் என்றால் செய். லெஸ்ட் என்பது லாஸென் என்ற வினைச்சொல்லின் ஒரு வடிவம். லாஸென் என்றால் விடு. வகுப்பில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாத்தியார் மேஜையைத் தட்டி "லாஸ் தாஸ்!" என்பார். விடு, போதும், நிறுத்து.

செய். விடு. செய்வதை விடு. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சந்தேகத்துக்குப் போனில் தட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் காதால் கேட்டதைத் தட்டினால் அது என்ன செய்யும்? 'படியுங்கள், தானாகப் புல் வெட்டுங்கள்' என்றது. எரிச்சலோடு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தச் சிரிப்பு ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது. ஆனால் இல்லையென்று சொல்லும்போதும் சிரிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. நாளைக்கே வேண்டும் என்று வந்து நிற்கும் பல் டாக்டர்களிடம் அவளே தினமும் அப்படித்தான் சிரிக்கிறாள்.

இடத்துக்குத் திரும்பினாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மேல்வரிசைப் பல் செட். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்று அவர் பிடிவாதமாக எழுதிக் கொடுத்திருந்தார். பழைய பல்லில் இருந்ததாம். அது இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாதாம். பல்லி மெழுகைச் சூடாக்கிப் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். முடித்துவிட்டுப் பார்த்தால் கடைவாய்ப்பல் ஒன்று முன்னால் நின்று இளித்தது.

எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

---

அந்த நேரத்தில் அவள் கணவன் பதினொன்றாவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். இருட்டில் கம்பிவடத்துக்கு மசகு போட்டுக்கொண்டே பாட்டுப் பாடுவது அவன் வழக்கம். உள்ளே ஏறியவர்களில் சிலர் ரேடியோ வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

போன் அடித்தது.

"ஏங்க..."

"சொல்லு பல்லி. என்ன ஆச்சு?"

"விட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க."

பாட்டு நின்றுபோன அந்தக் குழாய் போன்ற இருட்டில் எங்கோ கீழே ஒரு கதவு திறந்து மூடியது.

"அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியேதான். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

"சரி, விடு," என்றான் அவன். "நம்ம ஊர்ல இல்லாத வேலையா? மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"முதல்ல சாப்பிடு."

போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். மசகு அப்பிக்கொண்டது. அவனுக்கு இப்போது சாப்பாட்டு நினைவு இல்லை. மணி என்ன என்பதுதான் நினைவு. பன்னிரண்டே கால்.

காலை ஒன்பது மணிக்கு அவன் ஒரு காரியம் செய்திருந்தான். பல்லிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. ராஜினாமாக் கடிதம் எழுதி மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

பல்லி கேட்டால் அவர்கள் மறுக்கவே மாட்டார்கள் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. சாயங்காலம் அவள் நல்ல சேதியோடு வரும்போது, "என் பக்கமும் முடிச்சுட்டேன்" என்று சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். 'இவர் எனக்காகத்தான் வர்றார், மனசு இல்லாம வர்றார்' என்று அவள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். அதை ஒரே அடியில் அடித்துப்போட நினைத்தான்.

இப்போது அடி அவன்மேல் விழுந்திருந்தது. கடிதங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும் நேரம் ஒரு மணி.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினான். வழியில் ஒருத்தர், "என்னப்பா, லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டார். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

அடுத்த தெருவில் இருந்த கிளை அலுவலகத்தில் மேலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடிதம் அவர் டீ கோப்பைக்கு அடியில் இருந்தது. வட்டமாக ஒரு கறை.

"சார், அந்த லெட்டர்..."

"எந்த லெட்டர்?"

"காலையில குடுத்தேனே. அதைத் திரும்ப வாங்கிக்கலாமான்னு..."

மேலாளர் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"காலையில ராஜினாமா. மத்தியானம் வாபஸ். லிஃப்ட்ல வேலை பார்த்துப் பார்த்து நீயும் மேலயும் கீழயும் போக ஆரம்பிச்சுட்டே."

"வீட்ல ஒரு சின்னக் குழப்பம் சார்."

"உன் இடத்துக்கு யாரைப் போடறதுன்னு காலையிலேர்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன், தெரியுமா? கம்பிவடம் பார்க்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடக் கிடைக்கல." கடிதத்தை எடுத்து நீட்டினார். "எடுத்துட்டுப் போ. ஆனா இன்னொரு தடவை இதைத் தூக்கிக்கிட்டு வந்தே, டீ உன் தலையில இருக்கும்."

அவன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். வெளியே வந்ததும்தான் வயிறு பசிப்பது தெரிந்தது.

---

ஜெர்மன் வகுப்பு சைக்கிள் கடைக்கு மேலே. ஏறும் படியில் எப்போதும் ரப்பர் பசை வாசனை. வாத்தியாருக்கு இருபத்தாறு வயது. படிக்க வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிடப் பெரியவர்கள். இருந்தாலும் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான்.

பல்லி சீக்கிரமே போய்விட்டாள். அவர் கொடுத்திருந்த புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"இல்ல சார். நான் நாளையிலேர்ந்து வரல. அவங்க வேண்டாம்னுட்டாங்க."

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொன்னாங்க? சரியா என்ன வார்த்தை?"

"விட்டுடுங்கன்னு. லாஸென் போட்டுச் சொன்னாங்க."

"லாஸென் போட்டுன்னா எப்படிக்கா? அதைப் போட்டு அவங்க என்ன வேணாலும் சொல்லுவாங்களே!"

அவள் வேலைச் சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முன்பக்கம் தலைமையாசிரியரின் பல் நிறம், அளவு. பின்பக்கம் அவள் கையெழுத்து. வாத்தியார் உதடு அசையப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"எதுக்கு சார் சிரிக்கறீங்க?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"தப்பு என்மேலதான். மூணாவது வாரம் விடுன்னு சொல்லிக்குடுத்தேன். மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். உட்காருங்க."

அதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர், வெல்டர், இரண்டு நர்ஸுகள். வாத்தியார் பலகையில் பெரிதாக எழுதினார்.

"நம்ம விடு மாதிரிதான் இது. குடையை வீட்லயே விட்டுட்டு வந்தேன், அதுக்கு லாஸென். குழந்தையை விளையாட விடறேன், அதுக்கும் லாஸென். சண்டையை விடு, அதுக்கும் அதேதான். இது மூணும் நமக்குப் பிரச்சினை இல்ல. இதுக்கு மேலதான் அது வேற பக்கம் போகும். நீங்க முடி வெட்டிக்கப் போறீங்க. நீங்களேவா வெட்டிக்கறீங்க?"

"பார்பர் வெட்டறார்," என்றார் வெல்டர். தலையில் முடி அதிகமில்லை; எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"அதுக்கும் லாஸென். இன்னொருத்தரை விட்டுச் செய்ய வைக்கறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வைக்கறது, லிஃப்டை ரிப்பேர் பண்ண வைக்கறது, எல்லாம் இதுலதான் வரும். இப்ப அக்கா கொண்டுவந்திருக்கறது கடைசி வகை. லாஸெனோட 'ஸிஷ்' சேர்ந்துட்டா, ஒரு காரியம் தன்னைச் செய்ய விடுதுன்னு அர்த்தம். அடம் பிடிக்காம, செய்யறதுக்கு இடம் குடுக்குது. அப்படின்னா?"

வாத்தியார் பலகையைத் தட்டினார்.

"செய்ய முடியும்னு அர்த்தம்! கதவு திறக்க விடுதுன்னா கதவைத் திறக்க முடியும். தாஸ் லெஸ்ட் ஸிஷ் மாஹென்னா, 'அதுக்கென்ன, செஞ்சுடலாம்.' அக்கா, அவங்க சரின்னு சொல்லியிருக்காங்க!"

பல்லி பலகையைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். கையை வீசிச் சிரித்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. அதுக்கென்ன என்று சொல்லும் யாரும் அப்படித்தான் கையை வீசுவார்கள்.

"நிச்சயமாவா சார்? 'இல்ல'ங்கற வார்த்தை நடுவுல எங்கயாவது இருந்து, எனக்குக் கேக்காமப் போயிருந்தா?"

"எழுதிக் கேட்டுடுவோம். அங்க இப்ப மத்தியானம்தான்."

இரண்டு வரி மெயில் ஒன்றை அவளையே எழுதவிட்டு, பிழை திருத்தி அனுப்பினார்கள். வகுப்பு நடந்தது. பல்லிக்கு ஒன்றும் ஏறவில்லை. நர்ஸ் ஒருத்தி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "வந்துடுச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பத்தைந்தாவது நிமிஷம் பதில் வந்தது. வாத்தியார் அவளையே உரக்கப் படிக்கச் சொன்னார். மூன்று பேருக்கும் சேர்த்துக் காகிதங்கள் தயார் செய்கிறோம். ஐந்து மாதம் கழித்து முதல் தேதி வேலையில் சேரலாம். கடைசி வரியில் மறுபடியும் ஒரு லாஸென். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பயப்படாதீங்க. 'அவசரமில்ல, நிதானமா வாங்க'ன்னு சொல்றாங்க," என்றார் வாத்தியார்.

ரொட்டிக்கடைக்காரர் கை தட்டினார். வகுப்பே தட்டியது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு. புத்தகத்தை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, ரப்பர் பசை வாசனையில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

---

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவனின் அக்கா, பல்லிக்கு அண்ணி. கணவனை இழந்து பத்து வருஷமாக இவர்களோடுதான் இருக்கிறாள். தெருமுனைச் சலவைக்கடை அவளுடையது. கடையில் மடித்தது போதாதென்று வீட்டிலும் எதையாவது மடித்துக்கொண்டே இருப்பாள்.

பல்லி செருப்பைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னாள். விடு முதல் ஸிஷ் வரை ஒன்றுவிடாமல். மகள், "நாமெல்லாரும் போறோமா? நானுமா?" என்று சோபாமேல் ஏறிக் குதித்தாள்.

கணவன் மட்டும் சட்டைப்பையில் கை வைத்தபடி அசையாமல் நின்றான்.

"ஏங்க, உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?"

"ஐயோ, ரொம்பச் சந்தோஷம். காலையிலேயே இதைச் சொல்லியிருந்தா இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்." நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினான்.

அவள் படித்தாள். தேதியைப் பார்த்தாள். டீக் கறையைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வேலையை விட்டீங்களா?"

"விட்டேன். அப்புறம் நீ விட்டுடுங்கன்னு சொன்னதும் ஓடிப்போய்த் திரும்பப் பிடிச்சுட்டு வந்தேன்."

"அவங்க சரின்னு சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"நீ கேட்டா யாரு மாட்டேன்னு சொல்லுவா? நானே சொன்னதில்லையே."

அவளுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. இந்த மனுஷன் தனக்காக மனமில்லாமல் வருகிறானோ என்று எத்தனை நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்! தாளை மெதுவாக மடித்து அவன் கையிலேயே வைத்தாள்.

"இன்னொரு தடவை கொண்டுபோனா டீயைத் தலையில ஊத்தறேன்னு மேலாளர் சொல்லியிருக்கார்," என்றான்.

"ஊத்தட்டும். நான் துடைச்சு விடறேன்."

அண்ணி கடைசித் துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் அப்போதுதான் அவள் ஞாபகம் வந்தது. பல்லி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நாங்க போய் ஒரு வருஷத்துல உங்களையும்..."

"நான் எதுக்கும்மா அங்க? அங்க இருக்கறவங்க துணியைத் துவைக்கவா? என் கடை இங்க இருக்கு."

"தனியா எப்படி இருப்பீங்க? அதை நினைச்சாத்தான் எனக்கு..."

"யாரு தனியா இருக்கப்போறதா சொன்னா?" அண்ணி எழுந்து புடவைத் தலைப்பை உதறினாள். முகத்தில் இதுவரை பார்த்திராத ஒரு வெட்கம். "நாளைக்கு நாலு மணிக்கு ஒருத்தர் வீட்டுக்கு வர்றார். பஸ் டிரைவர். வாராவாரம் சட்டை துவைக்கப் போடுவார். ஆறு மாசமா ஒவ்வொரு சட்டையிலயும் ஒரு பொத்தான் இல்லாமலே வருது. அவரே பிச்சுக்கிட்டு வர்றார்னு தெரிஞ்சுக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு."

பல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். கணவன் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அக்கா! இதை எதுக்கு இவ்வளவு நாள் மூடி வெச்சே? வரட்டும். நான் பேசறேன். நல்லா கவனிச்சு அனுப்பறேன்."

"அதுலதான்டா ஒரு சிக்கல். உன்னை அவருக்கு ஏற்கெனவே தெரியும்."

"என்னையா? எப்படி?"

"போன வருஷம் அவங்க டிப்போ ஆபீஸ்ல லிஃப்ட் நின்னுபோச்சாமே? உள்ள மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் கத்தினாராம். மேலே ஒருத்தன் பாட்டுப் பாடிக்கிட்டே ரிப்பேர் பண்ணினானாம். அவன் என் தம்பின்னு நான் அவருக்கு இன்னும் சொல்லல."

கணவன் மெதுவாக அக்காவின் கைகளை விட்டான். அந்த ஆள் தன்மேல் நாலு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்த புகார் மேலாளரின் அலமாரியில் இன்னமும் இருப்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.